அரசர் வருகையும் சுரங்கத் தொழிலாளரும்



நம் பழங்கதைகளில் வரும் அரசர் நகரைப் பார்க்கப் புறப்படும்போது முதலிற் செய்யுங் காரியம் முடியைக் கழற்றி வைப்பது. கருங்கம்பளமொன்றைப் போர்த்து, காவலரும் அறியாவண்ணம், இருளோடு இருளாக வீதியிற் செல்வர். பொற்கைப் பாண்டியனின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி இக்கட்டில் அகப்பட்டுக்கொண்ட அப்பாண்டியனும் இவ்வாறு யாருமறியாது நகர்சோதனைக்கு வந்தவனே. இக்கதைகள் மெய்யாக நிகழ்ந்தனவா என்பது ஆராய்ச்சியாளர் கவலை. அவற்றைப் புனைந்தவர்கள், அரசன் அரசனாக வந்தால் ஊர் தன் உண்மை முகத்தைக் காட்டாது என்பதை நன்கு அறிந்திருந்தார்கள் என்பது மட்டும் தெளிவு.

இக்காலத்து அரசர் முன்னறிவித்தல் கொடுத்து வருபவர். அவர் ஒரு தொழிற்சாலைக்கோ, மருத்துவமனைக்கோ, துறைமுகத்துக்கோ வருவதென்றால் நாளும் நாழிகையும் பல வாரங்களுக்கு முன்னரே குறிக்கப்பட்டுவிடும். எந்த வாயிலால் நுழைவார், எத்தனை அடி நடப்பார், எவ்விடத்தில் நின்று எந்தத் தொழிலாளியிடம் இரண்டு வார்த்தை பேசுவார் என்பதெல்லாம் காகிதத்தில் எழுதப்படும். அவர் பாதம் படக்கூடிய இடங்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். பாதம் படாத இடங்களில் உள்ள குப்பை, அவர் பார்வை படாத மூலைக்கு மாற்றப்படும். வாடகைப் பூச்சட்டிகள் வந்து வரிசையில் நிற்கும். அரசியார் இவ்வுலகம் முழுவதும் புதுவர்ணத்தின் மணம் வீசுவதென்றே எண்ணியிருப்பார் என்று ஆங்கிலேயரிடையே ஒரு பரிகாசப் பேச்சு உண்டு. நகைப்புக்காகச் சொல்லப்பட்டதாயினும், அதில் நியாயம் உண்டு.

இதற்கு நாம் அரண்மனை வரை போகவேண்டுவதில்லை. பல்லாண்டு காலம் ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு வித்தியாதரிசி வருகிற நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதல் நாளே சிலந்திவலை அடிக்கப்படும். கெட்டிக்கார மாணவர் முன் வாங்குகளிலும், மற்றையோர் தூண்மறைவிலும் அமர்த்தப்படுவர். வழக்கமாகப் பூட்டிய அலுமாரிக்குள் உறங்கும் தேசப்படங்கள் அன்று சுவருக்கு வரும். வித்தியாதரிசியும் ஒரு காலத்தில் ஆசிரியராயிருந்தவரே ஆதலால் இவையெல்லாம் அவருக்குத் தெரியும். அவருள் விவேகமுள்ள சிலர், விடைபெற்றுச் சென்றவர்போற் சென்று, மறுநாட் காலையில் மணியடிக்குமுன் படலையடியில் வந்து நிற்பர். அவர்களையே நாங்கள் அஞ்சினோம்; அவர்களாலேயே பள்ளிக்கூடங்களுக்கு ஏதேனும் நன்மையும் விளைந்தது.

நம் நாட்டுக்கு வந்த அரச குடும்பத்தினரும் தொழில் நடக்கும் இடங்களுக்குச் சென்றிருக்கிறார்கள். 1875ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் தேதி, பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைதடுப்பணைக்கு முதற்கல் நாட்டினார். அவ்வணைக்கு வேண்டிய கருங்கல்லை மகர என்னுமிடத்துக் கற்குழியில் உடைத்தவர்கள் சிறைக் கைதிகள். கல்நாட்டு விழாவுக்கு இளவரசரை அழைத்தவர்கள் கல்லுடைக்கும் இடத்தைக் காட்டினார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை. 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் எலிசபெத் அரசியாரும் எடின்பரோக் கோமகனும் இங்கு வந்தபோது, பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைக்குங் கடமை கோமகனுக்கு வாய்த்தது. ஆனால் மாணவர்கள் 1952ஆம் ஆண்டிலிருந்தே அங்கு பெருந்தொகையாகக் குடியிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். விரிவுரைகள் நடந்தன, பரீட்சைகள் நடந்தன, சமையற்கூடங்களிற் புகை எழுந்துகொண்டிருந்தது. ஏப்பிரல் 20ஆந் தேதி கோமகன் எழுந்து, வழக்கத்திலும் அதிகமாக இப்பல்கலைக்கழகம் திறந்திருப்பதாகப் பிரகடனஞ் செய்கிறேன் என்ற கருத்துப்படச் சொன்னாராம். சடங்கின் உள்ளீடு எதுவென்பதைச் சடங்கு செய்ய வந்தவரே கண்டு சொல்லிவிட்டார். பேராதனையில் அவ்வாசகத்தை இன்னும் சிரிப்போடு நினைவுகூருகிறார்கள்.

இவையெல்லாம் நகைத்துவிட்டுப் போகக்கூடிய காரியங்கள். இன்று நான் விரிவாகப் பேச விரும்புவது வேறொரு வருகையைப் பற்றி. அது நடந்தது இங்கிலாந்தின் வடபகுதியில், யோர்க்ஷயரிலே, 1912ஆம் ஆண்டு யூலை மாதத்தில்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியா முழுவதும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் பெப்புருவரி இறுதியிற் சுரங்கங்களை விட்டு வெளியேறினர். எவ்வளவு கடினமான இடத்திற் கரி வெட்ட நேர்ந்தாலும் ஒரு நாளுக்கு வளர்ந்தோருக்கு 5 சிலிங்கும் சிறுவருக்கு 2 சிலிங்கும் குறையாத கூலி வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. புகைவண்டிகள் குறைக்கப்பட்டன, ஆலைகள் நின்றன. மார்ச்சு இறுதியிற் பாராளுமன்றம் அவசரமாக ஒரு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை நிறைவேற்றியது. கேட்ட தொகை எதுவும் அச்சட்டத்தில் எழுதப்படவில்லை; அதனை அந்தந்தப் பகுதிச் சபைகள் தீர்மானிக்கட்டும் என்று விடப்பட்டது. ஏப்பிரலில் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். அவர்கள் மனம் ஆறியிருக்கவில்லை.

இந்நிலையிலேதான் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் தொழிற்பகுதிகளுக்குச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினர். மன்னர் தம் குடிகளை அவர்கள் உழைக்கும் இடங்களிலே சென்று காணவேண்டும் என்று ஆலோசனை கூறியவர்களுள் யோர்க் அத்தியட்ச குருவாகிய கோஸ்மோ கோர்டன் லாங் முக்கியமானவர். யூன் மாதத்தில் தென் வேல்ஸ் சுரங்கப் பகுதிக்குச் சென்றனர். யூலை 8ஆந் தேதி யோர்க்ஷயருக்கு வந்து, வென்ட்வேர்த் என்னும் ஊரிலே பிட்ஸ்வில்லியம் பிரபுவின் மாளிகையில் தங்கினர். அம்மாளிகையின் முன்முகப்பு மட்டும் அறுநூறு அடிக்கு மேல் நீளம். பிரபுவின் செல்வத்திற் பெரும்பகுதி நிலத்தின் கீழிருந்த கரியால் வந்தது.

வரும் வழியில், கொனிஸ்பரோ என்னும் ஊரிலுள்ள பழைய கோட்டையை அரச தம்பதியர் பார்வையிட்டனர். பள்ளிப் பிள்ளைகள் கொடியசைத்தனர். தெருவெல்லாம் தோரணங் கட்டியிருந்தது. அக்கோட்டைக்கு அண்மையிலே டொன் ஆற்றங்கரையில் கேட்பி என்றொரு சுரங்கமும் டெனபி என்றொரு சுரங்கமும் இருந்தன. இரண்டும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை. தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் பெரும்பாலும் அந்நிறுவனத்தினுடையவையே.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வீடுகளில் நிகழ்ந்ததைத் தோரணங்கள் சொல்லமாட்டா. கரிப்படையோடு ஒட்டிக் கல்லும் மண்ணுமாக ஒரு படை அங்கே கிடந்தது. அதனை அகற்றினாலன்றிக் கரியை எடுக்கமுடியாது. அகற்றும் உழைப்புக்கோ கூலி கிடைக்கவில்லை. நிறுத்துக் கொடுக்கும் கரிக்கே கூலி. இவ்வழக்கினால் 1902ஆம் ஆண்டில் இரு சுரங்கத்தாரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1903 சனவரிக் குளிரில் நிறுவனம் தன் வீடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றியது. கட்டிலும் தொட்டிலும் தெருவில் வைக்கப்பட்டன. பெண்டிரும் பிள்ளைகளும் கோவில் மண்டபங்களிலும் கூடாரங்களிலும் ஒதுங்கினர். அதன்பின் நிறுவனம் தொழிற்சங்கத்தின்மேல் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தது. 1906ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை வரை சென்று அவ்வழக்கிற் சங்கமே வென்றது. 1912இற் கொடியசைத்த பிள்ளைகளுள் சற்றே வளர்ந்த சிலர், கைக்குழந்தைகளாக அந்தச் சனவரித் தெருவிற் கிடந்தவர்களாயிருந்திருக்கலாம். மன்னரின் மோட்டார் வண்டி அவ்வழியே சென்றது. அவருக்கு அது தெரிந்திருக்க எவ்வித நியாயமுமில்லை.

அன்றிரவு பலர் வேலைக்குப் போகவில்லை. மன்னர் வந்த நாளாகையால் ஊரிற் கொண்டாட்டம். இரவு முறைக்கு வழக்கமாக இறங்குவோரில் ஒரு சிறு பங்கினரே கேட்பிச் சுரங்கத்தில் இறங்கினர். விடுமுறை எடுத்தவர்களுக்கு அந்நாட் கூலி இல்லை. இறங்கியவர்கள் கூலியை இழக்க முடியாதவர்களாகவோ கொண்டாட்டத்தில் விருப்பமில்லாதவர்களாகவோ இருந்திருப்பர்.

யூலை 9ஆந் தேதி, பொழுது விடிவதற்குப் பல மணி நேரம் முன்னதாக, சுரங்கத்தின் தென்பகுதியில் வெடிப்பு நிகழ்ந்தது.

வெடிப்பின் காரணத்தைச் சற்று விளக்கவேண்டும். கரியை வெட்டியெடுத்தபின் வெறுமையாகும் இடத்திற் கல்லும் மண்ணும் இட்டு நிரப்புவர். கூரையும் தானே இடிந்து விழும். அவ்விடிபாட்டினுள் எஞ்சிய கரித்துண்டுகளும் கரித்தூளும் கிடக்கும். அவற்றின்மேல் காற்று மெல்ல மெல்லப் பட, யாரும் நெருப்பு வையாமலே கரி சூடேறிக் கனலத் தொடங்கும். வைக்கோற்போரை ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே வெந்து புகைவதைக் கமக்காரர் அறிவர். ஏறக்குறைய அதுபோன்றதே இதுவும். கரிப்படையிலிருந்து மீதேன் என்னும் வாயுவும் ஓயாது கசியும். கனலும் வாயுவும் சந்திக்கும் இடத்தில் வெடிக்கும். கேட்பியில் இத்தகைய உள்நெருப்பு புதிதன்று. அச்சுரங்கத்தாருக்கு அது முன்னரே பழக்கமான தொல்லை.

முதல் வெடிப்பில் 35 பேர் மாண்டனர். ஒரு வசதியான தங்குமிடத்தில் மன்னர் உறங்கிக்கொண்டிருந்த அதே இரவில், சில மைல் தூரத்தில், 700 கஜத்துக்கு மேற்பட்ட ஆழத்தில் இது நடந்தது. வழக்கம்போல எல்லாரும் இறங்கியிருந்தால் எத்தனை பேர் மாண்டிருப்பர் என்று கணக்கிடுவது வீண். ஆனால் டெனபியிலும் கொனிஸ்பரோவிலும் பல வீடுகளிற் பிற்காலத்தில் அக்கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசரின் ஆணையால் ஒருவரும் பிழைக்கவில்லை. அவரைப் பார்க்கவென்று எடுத்த விடுமுறையே பலரைப் பிழைக்கவைத்தது. வரலாற்றில் இதுபோன்ற விநோதமான அரச உபகாரம் வேறு உண்டோ, அறியேன்.

விடிந்ததும் மீட்புக் குழுக்கள் இறங்கின. பக்கத்துச் சுரங்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். அரசாங்கத்தின் சுரங்கப் பரிசோதகர்கள் செய்தி கேட்டவுடன் விரைந்து வந்து, நிர்வாகிகளோடு தாமும் கூண்டில் ஏறி இறங்கினர். இங்கே மூன்று பெயர்களைச் சொல்லவேண்டும். யோர்க்ஷயர் பகுதியின் தலைமைப் பரிசோதகர் வில்லியம் ஹென்றி பிக்கறிங். அவருடன் ஹென்றி ரிச்சர்ட்சன் ஹியூவிற். கில்பேட் யங் டிக்கிள். உடல்களைத் தேடிக்கொண்டும், காற்று எப்பக்கம் செல்கிறது, வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சோதித்துக்கொண்டும் அவர்கள் நின்றிருந்தபோது, நண்பகலுக்குச் சற்று முன்னர் இரண்டாவது வெடிப்பு எழுந்தது. மீட்கப் போனவர்களில் 53 பேர் அதில் மடிந்தனர். மூன்று பரிசோதகர்களும் மடிந்தனர். பின்னர் காயங்களால் இறந்தோரையும் சேர்த்து மாண்டோர் தொகை 91. முதல் வெடிப்பிலும் பார்க்க இரண்டாவதே கொடியது என்பதைக் கவனியுங்கள். தம் உறவினரைத் தேடிப் போனவர்களும், கடமைக்காகப் போனவர்களும், அயற் சுரங்கத்திலிருந்து உதவிக்கு வந்தவர்களும் அதிற் போயினர்.

இனி மன்னரின் நிகழ்ச்சி நிரல். மாளிகையில் விருந்தினர் கூடியிருந்தனர். பார்வையிடவேண்டிய இடங்கள், கேட்கவேண்டிய வரவேற்புரைகள் எல்லாம் அச்சிட்ட தாளில் இருந்தன. கேட்பி அத்தாளில் இல்லை. அன்று மாலை மன்னரும் அரசியாரும் மோட்டார் வண்டியில் அங்கே சென்றனர். வெள்ளையடித்திருக்கவில்லை, பூச்சட்டி இல்லை, வாத்தியம் இல்லை. சுரங்க வாயிலில் ஊர்ச் சனங்கள் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தனர். எவன் வந்தான், எவன் வரவில்லை என்று கூண்டு மேலேறும் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்த சனங்கள் அவர்கள். மன்னர் நிறுவனத்தின் காரியாலயத்துக்குட் சென்று நிலைமையைக் கேட்டறிந்தார். அரசியாரின் கண்கள் கலங்கியிருந்தன என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் அங்கே நின்றது சிறிது நேரமே.

அந்தச் சிறிது நேரத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இறந்தவர் எழுந்து வந்தாரில்லை. கூலி உயரவில்லை. கல்மண் படையை அகற்றக் கூலி இல்லை என்ற பழைய வழக்கும் அதனால் தீர்ந்ததன்று. இவ்வருகைகள் யாவும் கோபங்கொண்ட தொழிலாளரைச் சாந்தப்படுத்தச் செய்த உபாயம் என்று அக்காலத் தொழிற்கட்சியாருள் சிலர் சொல்லியே வந்தனர். அவர்கள் சொன்னதை முழுவதும் தள்ளிவிட முடியாது. எனினும் என் மனத்திற்பட்டதைச் சொல்வேன். முதல்நாட் கோட்டை வாயிலிற் பார்த்த கூட்டத்தை மன்னர் பார்த்தார் என்று சொல்வதற்கில்லை. அவருக்கென அலங்கரிக்கப்பட்ட ஒரு காட்சியையே பார்த்தார். மறுநாள் மாலை பார்த்தது சுரங்கத்தொழில் இருந்தபடி. அழைக்காமற் போனபடியாலேயே அது கண்ணுக்குத் தெரிந்தது. அதே பயணத்தில் அவர் எல்சிக்கார் என்னும் வேறொரு சுரங்கத்தினுள் தாமே இறங்கிக் கரிவெட்டும் இடம் வரை சென்றார். ஊரெங்கும் இழவு விழுந்திருந்த அக்கிழமையில் ஒரு மன்னர் கூண்டில் இறங்குவது சிறிய காரியமன்று. ஆயினும் எல்சிக்கார் அவருக்காகச் சீர்செய்து வைத்த சுரங்கம்.

அந்த மூன்று பரிசோதகர்களிடம் திரும்பி வருகிறேன். அரசரின் வருகையைப் பற்றி எழுதியவர்கள் பலர். இவர்களைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. 1842ஆம் ஆண்டிலே பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் நிலத்தின் கீழ் வேலைக்கு அமர்த்தலாகாது என்று சட்டம் வந்தது. 1850ஆம் ஆண்டிற்றான் பாதுகாப்பைப் பார்க்கவென்று பரிசோதகர் நியமிக்கப்பட்டனர். முதலில் நாடு முழுவதற்கும் நால்வர். அதுகாறும், தன் சொத்துக்குள் அரசாங்கத்தின் ஆள் ஒருவன் கேட்காமல் நுழைவதா என்று சுரங்க முதலாளிகள் எதிர்த்து வந்தனர். 1911ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தொழிலாளருக்கும் ஓர் உரிமையை உறுதிப்படுத்தியது: தம்முள் அனுபவமுள்ள இருவரைத் தெரிந்து, தம் செலவில், மாதமொருமுறையேனும் சுரங்கத்தைச் சோதிக்கலாம். அரசருக்கு வெள்ளையடித்துக் காட்டலாம். கையிலுள்ள காப்பு விளக்கின் சுடரைத் தாழ்த்தி, அதன்மேல் எழும் மெல்லிய நீலநிறத்தை நோக்கி வாயுவின் அளவைக் கணிக்கத் தெரிந்தவனுக்கு வெள்ளையடித்துப் பயனில்லை.

ஆனால் பரிசோதகர் கண்டறிந்ததைச் செய்விக்கும் உறுதி அரசாங்கத்துக்கும் வேண்டும். கேட்பி நிகழ்ந்து பதினைந்து மாதங்களில், 1913 ஒக்டோபர் 14ஆந் தேதி, தென் வேல்ஸிலுள்ள செங்கனித் என்னும் ஊரிற் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டனர்; மீட்கப்போன ஒருவரும் மாண்டார். பிரித்தானியச் சுரங்க வரலாற்றில் அதிலும் பெரிய விபத்து இல்லை. ஆபத்துக் காலத்திற் காற்றோட்டத்தை எதிர்த்திசைக்குத் திருப்பும் வசதியைச் சுரங்கங்கள் அமைக்கவேண்டும் என்று புதிய சட்டம் விதித்திருந்தது. அச்சுரங்கத்துக்குத் தவணை கொடுக்கப்பட்டது, தவணை செப்ரெம்பர் இறுதியில் முடிந்தது, வேலை முடியவில்லை. வழக்கின் முடிவில் நிர்வாகி 24 பவுண் தண்டம் இறுத்தார். 439 உயிரால் அதனைப் பிரித்துப் பார்த்தவர்கள், தலைக்கு ஒரு சிலிங்கும் சில்லறையும் என்றார்கள்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இரண்டாம் மகன் யோர்க் கோமகன், பின்னர் ஆறாம் ஜோர்ஜ் மன்னராகி 1952 வரை அரசாண்டவர், தந்தை தொடங்கிய வழக்கை வேறொரு விதமாகத் தொடர்ந்தார். முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டில் தொழில்நலச் சங்கமொன்றின் தலைமைப் பதவியை ஏற்கும்படி அவரைக் கேட்டனர். செங்கம்பளம் விரிக்கும் ஆரவாரம் எதுவும் கூடாது என்ற நிபந்தனையின்மேல் அவர் இசைந்ததாகச் சொல்வர். அப்பதவியில் இருந்த ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகளையும் சுரங்கங்களையும் அவர் பார்த்தார். கைகழுவும் இடம் எங்கே, சாப்பிடும் இடம் எங்கே, காயப்பட்டவனுக்கு முதலுதவி செய்ய யார் இருக்கிறார் என்பன போன்ற கேள்விகளையே கேட்பாராம். சகோதரர்கள் அவரைத் தொழிற்சாலை மேற்பார்வையாளன் என்று கேலி செய்தனர். திக்கித் திக்கிப் பேசும் வழக்கமுள்ள அவருக்கு நீண்ட பிரசங்கங்கள் கஷ்டமாயிருந்தன. அதனாலேயோ என்னவோ, பேசுவதைக் குறைத்துப் பார்ப்பதைக் கூட்டிக்கொண்டார். கம்பளத்தை அவரால் நிறுத்த முடிந்தது. வர்ணப் பூச்சை நிறுத்த முடிந்ததா என்பது ஐயமே.

கேட்பிச் சுரங்கம் 1986ஆம் ஆண்டில் மூடப்பட்டது. யோர்க்ஷயரின் கெல்லிங்லி என்னும் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டபோது பிரித்தானியாவின் ஆழ் நிலக்கரிச் சுரங்கங்களின் காலமே முடிந்தது. இனி அங்கே அரசர் எவரும் கூண்டில் இறங்க இடமில்லை.

நம் நாட்டில் இறங்கவும் ஏறவும் இடங்கள் இருக்கின்றன. காரீயச் சுரங்கங்கள் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு நமக்கு இன்றும் அடிப்படைச் சட்டம். தொழிற்சாலையொன்றில் வேலை நடக்கும்போது, பகலாயினும் இரவாயினும், உள்ளே நுழைந்து சோதிக்கும் அதிகாரத்தை அது பரிசோதனை உத்தியோகத்தருக்கு அளிக்கிறது. அவருக்கு மாலை வேண்டாம், வாத்தியம் வேண்டாம். வாயிலிலே நிற்கும் காவலாளி, ஐயா சற்றே இருங்கள் என்று நாற்காலி கொடுத்துவிட்டு உள்ளே செய்தி அனுப்பாதிருந்தாற் போதும். அந்தப் பத்து நிமிடத்தில், சுழலும் இயந்திரத்தின் மேலிருந்து கழற்றி மூலையிற் போட்டிருந்த காப்பு மூடியைத் தூசி தட்டி எடுத்து அதனிடத்தில் மாட்டிவிடலாம். அவர் சென்ற பின் மறுபடியும் கழற்றி விடுவார்கள். மூடி இருந்தால் வேலை மெதுவாக நடக்குமாம். அந்த இயந்திரத்தருகே நிற்கும் பிள்ளைக்கு, மூடி எந்த மூலையிற் கிடக்கிறதென்று தெரியும்.